ஸ்கோப் மவுன்ட்: ஒரு தாள் கனத்தில் இருக்கிற விஷயம்

டெக்சஸில் நவம்பர் முதல் சனிக்கிழமை மான் வேட்டைப் பருவம் தொடங்கும். அதற்கு முந்தைய இரண்டு வாரம் எந்தச் சுடுகளத்துக்குப் போனாலும் ஒரே புலம்பல்தான் காதில் விழும்: "ஸ்கோப் போயிடுச்சு." ஸ்கோப் என்பது குறிபார்க்கத் துப்பாக்கிமேல் மாட்டும் தொலைநோக்கி. நண்பர் ஒருவரும் அப்படித்தான் வந்தார். கையில் .308 வின்செஸ்டர் ரகக் குண்டு போடும் போல்ட் துப்பாக்கி, அதாவது கைப்பிடியுள்ள போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளிக் குண்டேற்றும் வகை. 100 மீட்டரில் முதல் குண்டு அட்டையின் நடுவிலிருந்து நாலு விரல் இடது பக்கம் விழுந்தது. அடுத்தது வலது பக்கம். ஸ்கோப் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, விலை கூடிய புது ஸ்கோப் வாங்கி, ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் பழைய மவுன்ட்டிலேயே மாட்டினார். மறுபடியும் அதே கதை.

மேசையில் வைத்து ஸ்கோப்பைக் கழற்றினோம். அதுவரை அதன் அடியில் மறைந்திருந்த அடிப்பட்டை வெளியே தெரிந்தது. முன்பக்கத் திருகில் ஆலன் கீயைப் பொருத்தி இரண்டு விரலால் தொட்டேன், கால் சுற்று சுற்றியது. கடையில் மாட்டிக் கொடுத்த நாளிலிருந்து அந்தத் திருகை யாரும் பார்க்கவே இல்லை.

ஸ்கோப் பற்றிப் பேச எல்லோருக்கும் நிறைய இருக்கிறது. எத்தனை மடங்கு பெரிதாக்கும், எந்த நாட்டுக் கண்ணாடி, இருட்டில் எவ்வளவு தெரியும் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். அதைத் துப்பாக்கியோடு பிடித்து நிறுத்துகிற மவுன்ட்டைப் பற்றிப் பேச்சே வராது. "மூணு திருகு, அவ்வளவுதானே" என்று விட்டுவிடுவார்கள். இந்தக் கட்டுரை அந்த மூன்று திருகைப் பற்றியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். இங்கே எழுதுவது உரிமம் வாங்கி, பருவத்தில், சட்டப்படி வேட்டையாடும் அமெரிக்கா போன்ற இடங்களைப் பற்றி. இலக்குச் சுடும் விளையாட்டுக்கும் இதே அடிப்படைதான்.

மொட்டை மாடி டிஷ்

வீட்டு மாடியில் இருக்கும் டிஷ் ஆன்டெனாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஆடிக் காற்றில் கிளாம்ப் நட்டு இளகிவிடுகிறது. டிவி நன்றாக இருக்கிறது, செட்டாப் பாக்ஸ் நன்றாக இருக்கிறது, டிஷ்ஷிலும் ஒரு நெளிவு இல்லை. ஆனாலும் படம் வரவில்லை. செயற்கைக்கோள் இருப்பது ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில். இங்கே டிஷ் கொஞ்சம் திரும்பினால் அங்கே அது பார்க்கும் இடமே வேறாகிவிடும். ஆள் வந்து டிஷ்ஷை மாற்றுவதில்லை. கோணத்தைச் சரிசெய்து நட்டை இறுக்கிவிட்டுப் போகிறார்.

ஸ்கோப் மவுன்ட்டின் வேலையும் ஒரு கோணத்தைக் காப்பதுதான். எந்தக் கோணம் என்று இனி பார்க்கலாம்.

இரண்டு கோடுகள்

துப்பாக்கியில் இரண்டு கோடுகளைக் கற்பனை செய்யுங்கள். ஒன்று குழலின் நடுவே நேராகப் போகிறது. இது குழல்கோடு. இன்னொன்று உங்கள் கண்ணிலிருந்து ஸ்கோப்பின் நடுவழியாக இலக்குக்குப் போகிறது. இது பார்வைக்கோடு. வேட்டைத் துப்பாக்கிகளில் பார்வைக்கோடு பெரும்பாலும் குழல்கோட்டுக்கு நாலைந்து சென்டிமீட்டர் மேலே இருக்கும்.

குண்டு குழலை விட்டு வெளியேறிய பின் தானாகவே மேலே ஏறும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. வெளியே வந்த கணத்திலிருந்தே புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது. குழல்தான் பார்வைக்கோட்டைப் பார்க்க ஒரு துளி மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வால் குண்டு கீழிருந்து வந்து பார்வைக்கோட்டைத் தாண்டி, மேலே போய், வளைந்து இறங்கி மறுபடி அதைத் தொடுகிறது. அப்படித் தொடும் தூரத்தை நாம் விரும்பியபடி அமைத்துக்கொள்வதுதான் ஜீரோ செய்வது. 200 மீட்டருக்கு ஜீரோ என்றால், 200 மீட்டரில் கண் பார்க்கும் இடமும் குண்டு போகும் இடமும் ஒன்று.

இந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருக்கும் கோணம் மாறினால் ஜீரோ போய்விட்டது. அதை மாறாமல் வைத்திருக்கும் ஒரே பொருள் மவுன்ட்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஸ்கோப்பைப் பிடிக்கும் இரண்டு வளையங்களுக்கு நடுவே 100 மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். ஜெராக்ஸ் கடைத் தாளின் கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். முன்வளையம் அந்த அளவுக்குப் பக்கவாட்டில் நகர்ந்துவிட்டது. 100-க்கு 0.1 என்றால் ஆயிரத்தில் ஒன்று. இலக்கு 100 மீட்டரில் இருந்தால் அதன் ஆயிரத்தில் ஒன்று 10 சென்டிமீட்டர். 200 மீட்டரில் 20.

மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது. விட்டம் 20 சென்டிமீட்டர் என்று வைத்துத்தான் வேட்டைக்காரர்கள் கணக்குப் போடுவார்கள். நடுவைப் பார்த்துச் சுட்டால் எந்தப் பக்கமும் 10 சென்டிமீட்டர்தான் இடம். ஒரு தாள் கனம் நகர்ந்தால் 100 மீட்டரில் குண்டு அந்த வட்டத்தின் விளிம்பில் விழும், 200-ல் வட்டத்துக்கு வெளியே. வெளியே என்றால் வயிற்றிலோ காலிலோ பட்டு, அந்த மான் புதருக்குள் ஓடி எங்கோ மணிக்கணக்கில் கிடந்து சாகும். நான் இதில் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: குழல்கோடு, பார்வைக்கோடு, நடுவில் ஒரு கோணம். அந்தக் கோணத்தை மவுன்ட் காக்கிறது. ஒரு தாள் கன நகர்வு 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர் ஆகும்.

சுடும்போது ஸ்கோப் படும் பாடு

பஸ் திடீரென்று கிளம்பினால் நிற்பவர் பின்னால் சாய்வார். பஸ் முன்னால் போகிறது, அவர் உடம்பு இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. துப்பாக்கியில் இது தலைகீழ். சுட்டதும் துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. ஸ்கோப் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. அதனால் துப்பாக்கியைப் பொறுத்தவரை அது முன்பக்கமாக நழுவ முயல்கிறது.

எவ்வளவு பலத்தோடு? .308-ல் ஏறக்குறைய 10 கிராம் குண்டு நொடிக்கு 800 மீட்டருக்கு மேல் வேகத்தில் வெளியேறுகிறது. குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் ஆயிரத்தில் ஒரு நொடியை ஒட்டியது. அதற்குள் நாலு கிலோ துப்பாக்கி நொடிக்கு இரண்டு மீட்டருக்கும் மேலான வேகத்தைப் பிடித்துவிடுகிறது. அரைக் கிலோ ஸ்கோப்பையும் அதே வேகத்துக்கு இழுத்துப் போக, வளையங்கள் ஏறக்குறைய நூறு கிலோ எடைக்குச் சமமான பலத்தைத் தாங்க வேண்டும். ஒவ்வொரு சுடலுக்கும் ஒரு மூட்டை சிமென்ட்டைவிட அதிகம் அந்தச் சின்னத் திருகுகளில் வந்து மோதுகிறது. கண்ணாடிக்கு நாலு மடங்கு செலவழித்துவிட்டு மவுன்ட்டில் மிச்சம் பிடிப்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

மவுன்ட்டில் என்னென்ன இருக்கிறது

இரண்டே பாகம். துப்பாக்கியின் உலோக உடலை ரிசீவர் என்பார்கள். குழல் வந்து சேர்வதும் போல்ட் ஓடுவதும் இதில்தான். ரிசீவர்மேல் திருகிப் பொருத்துவது பேஸ், அதாவது அடிப்பட்டை. பேஸ்மேல் உட்கார்ந்து ஸ்கோப் குழாயைச் சுற்றிப் பிடிப்பது ரிங், அதாவது வளையம். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் செய்த மவுன்ட்டுகளும் உண்டு.

பேஸ் வகைகளில் இன்று அதிகம் கண்ணில் படுவது குறுக்குப் பள்ளங்கள் கொண்ட ரெயில். இதன் கதை டெக்சஸோடு தொடர்புள்ளது. வில்லியம் வீவர் என்பவர் 1930-ல் தொடங்கிய ஸ்கோப் நிறுவனம் சில வருஷத்தில் எல் பாசோ நகரத்துக்கு வந்தது. சாதாரண வேட்டைக்காரரும் வாங்கக்கூடிய விலையில் ஸ்கோப் கிடைத்தது அவரால்தான். அவர் பெயரில் உள்ள பேஸில் 0.180 அங்குல அகலப் பள்ளங்கள் இருக்கும். பிறகு 1995-ல் அமெரிக்க ராணுவம் நியூஜெர்சியின் பிக்கட்டினி ஆயுதச்சாலை பெயரால் ஒரு தர அளவை வெளியிட்டது. அதில் பள்ளம் 0.206 அங்குலம், பள்ளத்துக்குப் பள்ளம் தூரமும் மாறாது.

பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், குழப்பம் இங்கேதான். வீவர் ரிங் பெரும்பாலும் பிக்கட்டினி ரெயிலில் உட்காரும். பிக்கட்டினி ரிங்கின் குறுக்குத் திருகு வீவர் பள்ளத்தைவிடத் தடிமன், அதில் இறங்காது. பாதி இறங்கியதைப் பலவந்தமாக இறுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ருகர் எம்77, சாக்கோ, டிக்கா, சிஇசட் போன்ற துப்பாக்கிகளில் பேஸ் ரிசீவரிலேயே கடைந்திருக்கும். அதற்குரிய ரிங் வாங்கினால் போதும். ஒரு இணைப்பு குறைந்தால் இளகும் இடமும் ஒன்று குறைகிறது. இவற்றில் எது கிடைத்தாலும் எனக்குச் சந்தோஷம். இன்னொரு பழைய வகையில் முன்ரிங்கைப் பேஸுக்குள் விட்டு 90 பாகை திருப்புவார்கள். அப்படித் திருப்ப ஸ்கோப்பையே கைப்பிடியாகப் பிடித்து முறுக்கக் கூடாது, குழாய் வளைந்துவிடும். ஸ்கோப் குழாயின் அதே தடிமனுள்ள மர உருளையை வைத்துத் திருப்புவதுதான் முறை.

வாங்கும்போது மூன்று கேள்விக்கு இதே வரிசையில் பதில் வேண்டும். உங்கள் ரிசீவர் எது? ஒரே மாடலில்கூடக் குட்டை ரிசீவர், நீள ரிசீவர் என்று இரண்டு இருக்கலாம், திருகுத் துளைகள் வேறு. ஸ்கோப் குழாயின் விட்டம் என்ன? 1 அங்குலம், 30 மில்லிமீட்டர், 34 மில்லிமீட்டர் என்று உண்டு. 1 அங்குலம் என்பது 25.4 மில்லிமீட்டர், அதை 30-க்கான ரிங்கில் போட்டு இறுக்கி ஒப்பேற்ற முடியாது. மூன்றாவது, எவ்வளவு உயரம்?

உயரத்தைக் கன்னம் சொல்லும்

உயரம் குறைந்தால் ஸ்கோப்பின் முன்பக்கப் பெரிய கண்ணாடி குழலில் இடிக்கும், அல்லது போல்ட் கைப்பிடியைத் தூக்கும்போது பின்பக்கம் முட்டும். கூடினால் கன்னத்தைக் கட்டையில், அதாவது துப்பாக்கியைத் தோளில் அணைக்கும் பாகத்தில், வைத்துப் பார்க்க முடியாது. கழுத்தைத் தூக்கி, தாடையை ஒட்டவைத்துப் பார்க்க வேண்டிவரும். ஒவ்வொரு முறையும் தலை ஒவ்வொரு இடத்தில் நிற்கும்.

விதி எளிது: எங்கும் இடிக்காத உயரங்களில் மிகக் குறைந்தது. குழலுக்கும் கண்ணாடிக் கூட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளிச்சம் தெரிந்தால் போதும். அப்புறம் இந்தச் சோதனை. காலித் துப்பாக்கியைத் தோளில் வைத்து, கண்ணை மூடி, கன்னத்தைச் சௌகரியமாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். பிறகு கண்ணைத் திறந்தால், தலையை அசைக்காமலே முழு வட்டமும் தெரிய வேண்டும். மேலோ கீழோ கருப்பு நிலா பிறை தெரிந்தால் உயரம் சரியில்லை.

பெட்டியில் "லோ, மீடியம், ஹை" என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொன்றின் ஹை. சிலர் பேஸிலிருந்து குழாயின் நடு வரை அளப்பார்கள், சிலர் ரிங்கின் உள் அடிவரை மட்டும் அளப்பார்கள். மில்லிமீட்டரில் கேட்டு, எங்கிருந்து எதுவரை என்றும் கேட்டு வாங்குங்கள்.

மாட்டும் வேலை

முதலில் குண்டுகளை எடுத்து, போல்ட்டைக் கழற்றி, குண்டு உட்காரும் அறைக்குள் விரலை விட்டுக் காலி என்று உறுதி செய்யுங்கள். இதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

பேஸ் திருகுகளும் துளைகளும் எண்ணெய் பூசி வரும். துருப்பிடிக்காமலிருக்கப் பூசியது, ஆனால் திருகை இளகவிடும். ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள். பேஸ் ரிசீவர்மேல் ஆடாமல் உட்காருகிறதா என்று திருகு போடாமலே விரலால் அழுத்திப் பாருங்கள். முக்காலி ஆடுவதுபோல் ஆடினால் அதை இறுக்கிச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம், அது பொருந்தாத பேஸ். திருகில் ஒரே ஒரு சொட்டு நீலநிறத் திருகுப் பசை. சிவப்பு வேண்டாம், பிறகு சூடுபடுத்தினால்தான் கழலும். இறுக்கிய பின் போல்ட்டை மாட்டி ஓட்டிப் பாருங்கள். முன்பக்கத் திருகு நீளமாக இருந்தால் உள்ளே போய் போல்ட்டை உரசும்.

அடுத்து ரிங்குகளின் கீழ்ப்பாதி. ரெயில் பள்ளத்தில் கொஞ்சம் இடம் இருக்கும். ரிங்கை முன்பக்கமாக, குழல்வாய் திசையில் தள்ளி ஒட்டவைத்து இறுக்குங்கள். சுடும்போது ஸ்கோப் முன்னால் நழுவப் பார்க்கும் என்று பார்த்தோமே, போக இடமே இல்லாமல் செய்துவிடுகிறோம்.

இப்போது ஸ்கோப்பை உட்காரவைத்து, மேல்மூடிகளைத் தளர்வாக மாட்டுங்கள். கண்ணுக்கும் ஸ்கோப்பின் பின்கண்ணாடிக்கும் இருக்க வேண்டிய தூரம் கண்தூரம். பொதுவாக 75 முதல் 100 மில்லிமீட்டர். இதற்குள் கண் வந்தால், உதைப்பில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் பிறை வடிவில் வெட்டும். நெற்றியில் அந்தத் தழும்போடு நடமாடுகிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். உருப்பெருக்கத்தை அதிகபட்சத்தில் வைத்து, வேட்டைக்குப் போடும் அதே தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்தும் படுத்தும் பாருங்கள். படுத்தால் தலை முன்னால் வரும். டி-ஷர்ட்டில் வீட்டு ஹாலில் நின்று அமைத்த கண்தூரம் காட்டில் பொருந்தாது.

பிறகு மட்டம். ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோடு ரெட்டிக்கிள். அதன் நெட்டைக்கோடு குழலுக்கு நேர்மேலே செங்குத்தாக நிற்க வேண்டும். கொத்தனார் செய்வதையே செய்யலாம். துப்பாக்கியை அசையாமல் நிறுத்தி, ரிசீவரின் தட்டையான இடத்திலோ ரெயிலிலோ சின்ன ரசமட்டம் வைத்துத் துப்பாக்கியை மட்டமாக்குங்கள். இருபது மீட்டர் தள்ளி ஒரு தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஸ்கோப் வழியாக நூலைப் பார்த்து, நெட்டைக்கோடு நூலோடு ஒட்டும்வரை ஸ்கோப்பை வளையத்துக்குள் மெல்லச் சுழற்றுங்கள். கண் மதிப்பில் வைத்தது பெரும்பாலும் சாய்ந்தே இருக்கும். கிட்டத்தில் தெரியாவிட்டாலும் தூரம் கூடக் கூட அந்தச் சாய்வு குண்டை ஒரு பக்கமாக இழுக்கும்.

கடைசியாக மேல்மூடித் திருகுகள். கார் சக்கர நட்டுகளை எதிரெதிராக இறுக்குவார்களே, அதே முறை. ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக. இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மூடிக்கொண்டு மறுபக்கம் வாய் திறந்திருந்தால் தளர்த்தி மறுபடி ஆரம்பியுங்கள். இறுக்கும்போது ஸ்கோப் மெல்லச் சுழலும், அதனால் தூக்குக்குண்டு நூலை நடுநடுவே பாருங்கள்.

எவ்வளவு இறுக்குவது? "நல்லா இறுக்கு" என்பது அளவே இல்லை. திருகும் பலத்தை அளந்து காட்டும் கருவி டார்க் டிரைவர். அமெரிக்காவில் இதன் அலகு இன்ச்-பவுண்டு: ஒரு அங்குல நீளக் கைப்பிடியின் நுனியில் ஒரு பவுண்டு எடை தொங்கினால் கிடைக்கும் முறுக்கு. மேல்மூடித் திருகுகளுக்கு வழக்கமாக 15 முதல் 18. நியூட்டன்-மீட்டரில் ஏறக்குறைய 1.7 முதல் 2. இது கையில் வியப்பாகக் குறைவாகத் தெரியும். ரெயிலைப் பிடிக்கும் குறுக்குத் திருகுக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், 30-ம் உண்டு, 65-ம் உண்டு. பெட்டியோடு வந்த தாளில் இருப்பதுதான் கணக்கு.

மேல்மூடியை அளவுக்கு மீறி இறுக்கினால் அலுமினியக் குழாய் நசுங்கும், உருப்பெருக்க வளையம் திரும்பச் சிரமப்படும். அந்தத் திருகுகளுக்கு எண்ணெயோ பசையோ போடாதீர்கள். வழுக்கும் திருகு அதே 18-ல் இன்னும் கூடுதலாக இறுக்கிவிடும், அளவு பொய்யாகிவிடும்.

வளையத்தின் உட்புறத்தைத் தேய்த்து நேராக்குவதைப் பற்றியும் நிறையப் பேச்சு உண்டு. மெக்கானிக் வால்வு லேப்பிங் செய்வதுபோல, பசையும் எஃகுத் தண்டும் வைத்துத் தேய்ப்பார்கள். நல்ல ரிங் வாங்கினால் இது பெரும்பாலும் தேவைப்படாது. தேவைப்படும் அளவுக்கு ரிங் கோணலாக இருந்தால் நான் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

பேஸ் சுத்தமாகவும் ஆடாமலும் இருக்க வேண்டும், ரிங் முன்னால் ஒட்டியிருக்க வேண்டும், கண்தூரமும் மட்டமும் பார்த்த பிறகே அளந்து இறுக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் முதலிலிருந்து வரவேண்டியிருக்கும்.

ஜீரோவும் நோயறிதலும்

போல்ட்டைக் கழற்றி, மணல்மூட்டையில் துப்பாக்கியை வைத்து, பின்பக்கமிருந்து குழலுக்குள் பாருங்கள். 25 மீட்டரில் உள்ள வட்டம் குழலின் நடுவில் தெரியும்படி வையுங்கள். துப்பாக்கியை அசைக்காமல் ஸ்கோப்பின் குமிழ்களைத் திருகி ரெட்டிக்கிளையும் அதே வட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். இப்போது 25 மீட்டரில் சுட்டால் குண்டு அட்டையிலாவது விழும். அங்கே சரிசெய்துவிட்டு 100 மீட்டருக்குப் போங்கள். வேட்டை ஸ்கோப்புகளில் பொதுவாகக் குமிழைத் திருகும்போது கேட்கும் ஒரு கிளிக் 100 மீட்டரில் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் நகர்த்தும். ஒரு குண்டை நம்பித் திருகாமல், மூன்று சுட்டு அவற்றின் நடுவைப் பார்த்துத் திருகுங்கள்.

மூன்று துளையும் நெருக்கமாக விழுந்து, ஆனால் நடுவிலிருந்து தள்ளி இருந்தால் மவுன்ட் நன்றாக இருக்கிறது, குமிழைத் திருகினால் போதும். துளைகள் இங்கொன்றும் அங்கொன்றுமாக, முக்கியமாக இரண்டு கும்பலாகப் பிரிந்து விழுந்தால் எதுவோ இரண்டு நிலைக்கு நடுவே ஆடுகிறது. அப்போது குமிழைத் தொடவே வேண்டாம். முதலில் பேஸ் திருகு, அப்புறம் ரிங் திருகு, அப்புறம் ரிசீவரைக் கட்டையோடு பிணைக்கும் திருகு என்று வரிசையாகப் பாருங்கள். இவ்வளவும் சரியாக இருந்தால்தான் ஸ்கோப்பைச் சந்தேகப்பட வேண்டும்.

நண்பரின் துப்பாக்கியில் பேஸைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்ட ஒரு மணி நேரம் ஆனது. அவர் கழற்றி ஓரம் வைத்த பழைய ஸ்கோப்பையே மாட்டினோம். 100 மீட்டரில் மூன்று துளையும் ஒரு எலுமிச்சம்பழத்தால் மூடிவிடலாம் போல விழுந்தன. புது ஸ்கோப்பை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கிளம்பும் முன் வெள்ளைப் பெயின்ட் பேனாவால் ஒவ்வொரு திருகுத் தலையிலிருந்தும் பக்கத்து உலோகம்வரை ஒரு மெல்லிய கோடு போட்டுக் கொடுத்தேன். திருகு திரும்பினால் கோடு உடைந்து தெரியும். பேஸ் திருகுகள் ஸ்கோப்புக்கு அடியில் இருப்பதால் டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். பிக்அப்பின் பின்சீட்டில் பண்ணைச் சாலையில் குலுங்கிப் போய் இறங்கியதும் அவர் முதலில் செய்வது இப்போது அதுதான்.